புகுந்த மண்ணின் உறவு
(சேர்வராயன் மலையும் அதன் அடிவாரமும் சொல்லும் வரலாறு)

தமிழாசிரியராகப் பணியாற்றிய காலத்தில், ஓராண்டு, மாணவர்களை ஏற்காட்டிற்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏரியில் படகுவிட்டு, சேர்வராயன் கோயில் குகையையும் கண்டு திரும்பும் வழியில், ஹோலி டிரினிட்டி தேவாலய வளாகத்தினுள் சற்று நேரம் நின்றோம். அங்கே இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பாரின் நினைவிடம் உள்ளது. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில், கற்கால மனிதன் செய்த கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்து, இந்நாட்டின் தொல்பழங்கால ஆய்வுக்கு வாயில் திறந்தவர் அவர். இங்கிலாந்திற் பிறந்து, 1858இல் நிலவியல் ஆய்வுத்துறையிற் சேர்ந்து, ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டை வாழிடமாகக் கொண்டவர். 1912ஆம் ஆண்டு திசம்பரில் கல்கத்தாவில் உயிர் நீத்தபோதிலும், அவர் நினைவு இம்மலையிலேயே நிலைபெற்றது.

இவற்றையெல்லாம் நான் சொல்லி முடித்ததும், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, அவர் ஏன் தம் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை?" என்று கேட்டான். "இங்குள்ள குளிர்ச்சி அவருக்குப் பிடித்துவிட்டது" என்றேன். அவன் விடவில்லை. "குளிர் அவர் ஊரிலேயே இருக்கிறதே, ஐயா!" என்றான். உடன் நின்ற பிள்ளைகள் சிரித்துவிட்டனர். நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆனால், அவ்வினா என்னை விட்டு அகலவில்லை. பிறந்த மண்ணை விட்டு வந்த ஒருவர், புகுந்த மண்ணை எப்போது தம்முடையது என்று கொள்கிறார்? அவர் அவ்வாறு கொண்டார் என்பதை அம்மண்ணின் மக்கள் எதனால் அறிந்துகொள்கின்றனர்? ஓய்வு பெற்ற பின்னர்ப் படித்தும் எண்ணியும் பார்த்ததில் எனக்குத் தோன்றிய விடையை இக்கட்டுரையில் எழுத முற்படுகிறேன்.

மலைக்கு வந்தவர்கள்

சேலத்திற்கு வடகிழக்கே, கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 5,000 அடி உயரத்தில் அமைந்தது ஏற்காடு. ஏரியும் காடும் சேர்ந்து ஊர்ப்பெயர் ஆயின என்பர். அம்மலைத்தொடருக்குச் சேர்வராயன் மலை என்று பெயர். அங்கே தொன்றுதொட்டு வாழும் மக்கள் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்வோர் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். கேரள நாட்டு மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழே.

இம்மக்களிடையே வழங்கிவரும் கதை ஒன்று நம் வினாவிற்கு நெருக்கமானது. அவர்களின் முன்னோர் காஞ்சிபுரத்தில் வாழ்ந்தவர்களாம். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என மூன்று உடன்பிறந்தார் அவ்வூரை விட்டுப் புறப்பட்டு, மலைநாடு தேடி வந்தனர். பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும் மற்ற இருவரும் பச்சைமலை, கொல்லிமலைப் பகுதிகளிலும் தங்கித் தத்தம் குடிகளைப் பெருக்கினர் என்பது வழக்கு. கதையில் வரலாறு எவ்வளவு என்பது ஆய்வாளர் துணிய வேண்டியது. நமக்கு வேண்டிய செய்தி வேறு. மலையின் பழங்குடிகள் என்று நாம் கருதும் மக்களே, தாங்கள் ஒரு காலத்தில் வந்தவர்கள் என்பதை மறைக்காமல் சொல்கின்றனர். ஜினகாஞ்சியைத் திருத்தலமாகப் போற்றும் நமக்கு, காஞ்சியிலிருந்து புறப்பட்ட அந்த மூவரின் பெயர்கள் எளிதில் மறவா. அவற்றுள் இரண்டு பெயர்கள் இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் வரும். வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறேன்.

ஆங்கிலேயர் ஆட்சியில் சேலத்தின் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர், 1820களில் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். ஆரஞ்சு, பேரிக்காய் முதலிய பழமரங்களும் அவர் காலத்தில் மலையேறின. காப்பி விளைந்தது, பணம் வந்தது, தோட்ட மாளிகைகள் எழுந்தன. கோடை வெயிலுக்கு அஞ்சிய ஐரோப்பியக் குடும்பங்கள் ஏற்காட்டை நாடி வந்தன. தேவாலயங்களும் பள்ளிகளும் தோன்றின. வெளிநாட்டார் பலர் இம்மலையை விரும்பினர் என்பதில் ஐயமில்லை. ஆனால் நல்ல காலத்தில் ஓரிடத்தை விரும்புவது அரிதன்று. நெருக்கடி வந்தபோது அவர்கள் எங்கே நின்றனர் என்பதே அறியத்தக்கது.

பீரங்கி ஏறிய மாளிகை

1857ஆம் ஆண்டில் வடநாட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். மீரட்டிலும் தில்லியிலும் கான்பூரிலும் நடந்த செய்திகள் தெற்கே எட்டியபோது, ஐரோப்பியக் குடும்பங்களிடையே அச்சம் பரவியது. ஏற்காட்டின் பழைய மாளிகைகளுள் ஒன்றான கிரேஞ்ச், அப்போது ஒரு சிறு கோட்டையாக மாற்றப்பட்டது என்று அவ்வூர் வரலாறு கூறுகிறது. மதிலை வலுப்படுத்திப் பீரங்கிகளை நிறுத்தினர். பெண்களும் குழந்தைகளும் பதுங்குவதற்கு நிலவறை அமைத்தனர். ஆறு மாதங்களுக்குப் போதுமான உணவுப் பொருள்களைச் சேமித்தனர் என்றும் சொல்வர்.

சேலம் பகுதியில் கிளர்ச்சி எதுவும் எழவில்லை. மலையாளி மக்கள் தம் சாமையையும் கேழ்வரகையும் விதைத்து அறுத்துக்கொண்டிருந்தனர். பீரங்கிகளுக்கு வேலையில்லாமற் போயிற்று.

இதை எள்ளி நகையாடுவது என் நோக்கமன்று. மனைவி மக்களைக் காக்க விரும்பும் அச்சம் எல்லார்க்கும் இயல்பானதே. ஆயினும், அச்செயலில் ஓர் உண்மை வெளிப்பட்டுவிட்டது. முப்பதாண்டுக் காலம் காப்பி விளைவித்த மண்ணில், அண்டை அயலில் வாழ்ந்த மக்களை நோக்கியே பீரங்கியின் வாய் திரும்பியிருந்தது. அவர்கள் அங்கே வீடு கட்டியிருந்தனர்; ஆனால், அம்மலை அவர்களுக்கு இன்னும் வீடாகவில்லை.

நூலால் வந்த உறவு

அதே காலத்தில் சென்னையில் வேறொரு வெளிநாட்டார் வேறு வகையில் வாழ்ந்துகொண்டிருந்தார். பீட்டர் பெர்சிவல் என்பது அவர் பெயர். அவருக்கும் ஏற்காட்டிற்கும் தொடர்பு உண்டு. மேலே குறிப்பிட்ட புரூஸ் ஃபூட்டின் மாமனார் அவர். 1882இல் அவர் உயிர் நீத்ததும் ஏற்காட்டிலேயே.

1803இல் இங்கிலாந்திற் பிறந்த பெர்சிவல், வெஸ்லியன் சங்கத்தின் மதகுருவாக இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் பணியாற்றினார். அவர் நடத்திய பள்ளியில் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர் ஆறுமுக நாவலர். விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் பெர்சிவலுக்கு நாவலர் துணைநின்றார். அம்மொழிபெயர்ப்பின் தமிழ் நடை சரியானதா என்ற ஐயம் எழுந்தபோது, இருவரும் சென்னைக்கு வந்து புலவர் ஒருவர் முன்னிலையில் படித்துக் காட்டி, அவர் ஒப்புதலைப் பெற்றனர். மொழிபெயர்ப்பு 1850இல் அச்சேறியது. நாவலரோ 1848இலேயே அப்பள்ளியை விட்டு விலகிச் சைவப் பணியில் முழுதும் இறங்கிவிட்டார். சமயத்தால் இருவரும் எதிரெதிர்த் திசையினர். ஆயினும், தமிழ் என்ற ஒன்று அவர்களை எட்டாண்டுக் காலம் ஒரு மேசையின் இரு புறத்தும் அமர்த்தியிருந்தது.

தம்மை அனுப்பிய சங்கத்தினின்றும் பெர்சிவல் பின்னாளில் விலகினார். வெளிநாட்டிலிருந்து பணிக்காக வந்த ஒருவருக்கு இதைவிடப் பெரிய நெருக்கடி வேண்டுவதில்லை. வந்த வேலை முடிந்தது என்று ஊர் திரும்பியிருந்தால் எவரும் குறை சொல்லியிரார். அவர் தமிழகத்திற்கு வந்தார். 1855இல் 'தினவர்த்தமானி' என்னும் தமிழ் இதழைத் தொடங்கினார். மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அகராதி தொகுத்தார். ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி, ஆங்கில விளக்கத்துடன் 1870களில் வெளியிட்டார். பழமொழி திரட்டுவது நூலகத்தில் அமர்ந்து செய்யும் பணி அன்று. உழவரும் வணிகரும் பெண்டிரும் பேசுவதற்குச் செவி கொடுத்தவர்க்கே அது கைகூடும்.

'தினவர்த்தமானி' இதழின் ஆசிரியப் பணிக்கு அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வருவித்த இளைஞர் யார் தெரியுமா? சி.வை. தாமோதரம் பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரி என்னும் பெருமையுடையவர். ஏட்டுச்சுவடிகளில் மறைந்து கிடந்த தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த முன்னோடி. தோலாமொழித் தேவரின் சூளாமணியை 1889இல் அச்சேற்றியவரும் அவரே. நம் முன்னோர் ஏட்டில் எழுதிக் காத்துவைத்த அக்காவியம் இன்று அச்சு நூலாக நம் வீட்டு அலமாரிகளில் இருக்கிறதென்றால், அந்நன்மையின் நெடிய சங்கிலியில் ஏற்காட்டில் மறைந்த பெர்சிவலும் ஒரு கண்ணியாக இருக்கிறார். சமணரல்லாத ஒரு பதிப்பாசிரியரைத் தமிழகத்திற்கு அழைத்துவந்தவர், தமிழரல்லாத ஓர் ஆங்கிலேயர்! நன்றியுணர்வோடு நினைக்கத்தக்க செய்தி இது.

பெர்சிவல் கொண்ட பற்று, மொழிமேற் கொண்ட பற்று. அதுவும் பெரிதே. ஆனால், அரசு ஒரு பக்கமும் மக்கள் மறுபக்கமும் நின்ற வேளையில் ஒருபுறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய சோதனை அவருக்கு நேரவில்லை. அச்சோதனை நேர்ந்த ஒருவரைக் காண, நாம் சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி, வடக்கு நோக்கிச் சவ்வாது மலையடிவாரத்திற்குச் செல்ல வேண்டும்.

திருப்பத்தூரின் சின்னண்ணன்

இன்று தனி மாவட்டத் தலைநகராக விளங்கும் திருப்பத்தூர், 1911ஆம் ஆண்டு வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. அதன் பின்னரே வட ஆர்க்காட்டுடன் இணைக்கப்பட்டது. ஆகவே, பழைய கணக்கின்படி ஏற்காடும் திருப்பத்தூரும் ஒரே மாவட்டத்து ஊர்கள்.

அவ்வூரில் 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமம் என்ற பெயரில் ஓர் ஆசிரமம் தோன்றியது. நிறுவியவர்கள் இருவர், இருவருமே மருத்துவர்கள். ஒருவர் சவரிராயன் ஜேசுதாசன், தமிழர். மற்றவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். 1891இல் ஸ்காட்லாந்து நாட்டின் அலோவா என்னும் ஊரில், கம்பளி நூல் ஆலைகளால் பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பயின்றவர். மருத்துவம் படிக்கும் காலத்தில் இலண்டனில் ஜேசுதாசனைச் சந்தித்தார். நட்பு வளர்ந்தது. இருவரும் சேர்ந்து இந்தியாவில் பணியாற்றுவதென்று உறுதி பூண்டனர்.

முதலில் அவர்கள் புனே நகரில் மிஷன் பணியிற் சேர்ந்தனர். அங்கே வெள்ளையருக்கு ஓர் இடம், இந்தியருக்கு மற்றோர் இடம் என்ற வேற்றுமை நிலவியது. ஒரே படிப்பும் ஒரே பணியும் உடைய இருவரில் ஒருவர் மேல், ஒருவர் கீழ் என்ற நிலையை ஃபாரஸ்டர் பேட்டன் ஏற்கவில்லை. நண்பர்கள் இருவரும் அப்பணியை விட்டு வந்து, சொந்த முயற்சியில் திருப்பத்தூரில் ஆசிரமம் கண்டனர். பேட்டனின் குடும்பச் செல்வம் அதற்குப் பயன்பட்டது.

ஆசிரமத்தில் மருத்துவமனை நடந்தது. சுற்றுவட்டாரச் சிற்றூர் மக்கள் வந்து மருந்து பெற்றனர். ஆசிரமத்தார் கதராடை உடுத்தினர். மரக்கறி உணவே உண்டனர். தரையில் அமர்ந்து இலையிட்டு உண்டனர். அங்கு எழுப்பப்பட்ட ஜெபாலயம், நம் நாட்டுக் கோபுரங்களின் அமைப்பைப் பின்பற்றிக் கட்டப்பட்டது. கோடீசுவரர் வீட்டுப் பிள்ளை, கோட்டும் தொப்பியும் களைந்து, முரட்டுக் கதருடன் நோயாளியின் அருகில் அமர்ந்தார். மக்கள் ஜேசுதாசனைப் பெரியண்ணன் என்றும், வயதில் இளையவரான ஃபாரஸ்டர் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் அழைத்தனர்.

காஞ்சியை விட்டு மலைக்கு வந்த உடன்பிறந்தாரின் அதே பெயர்கள்! திருப்பத்தூர் மக்கள் மலையாளிகளின் கதையை நினைத்துப் பெயரிட்டனர் என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ்க் குடும்பங்களில் அண்ணன்மாரை அழைக்கும் இயல்பான முறை அது. ஆயினும், அப்பெயரில் ஒரு சிறப்பு உண்டு. துரை என்று அழைத்தால் அவர் ஆளும் இனத்தவர். ஐயா என்று அழைத்தால் மதிப்பிற்குரிய வெளியார். சின்னண்ணன் என்று அழைத்துவிட்டால் அவர் வீட்டு மனிதர். அப்பெயரை எவரும் கேட்டுப் பெற முடியாது; மக்களாக மனமுவந்து தர வேண்டும்.

1932: சென்னைக் கடைத்தெருவில்

1932ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். காங்கிரசு சட்டத்திற்குப் புறம்பானது என அரசு அறிவித்தது. அவசரச் சட்டங்கள் அடுக்கடுக்காக வந்தன. அயல்நாட்டுத் துணி விற்கும் கடைகளின் முன் நின்று, வாங்க வேண்டா என்று கைகூப்பிக் கேட்பதும் குற்றமாயிற்று. அவ்வாறு நின்றோரைத் தடியால் அடித்துக் கலைத்தனர். கதராடையே ஐயத்திற்குரிய அடையாளமாக மாறியது.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் சென்னையில் இருந்த ஃபாரஸ்டர் பேட்டன் காவலர் கையில் அடிபட்டார். கதருடுத்திய அந்த ஸ்காட்லாந்து மருத்துவரின்மேல் தடிகள் விழுந்தன. கலர் கலந்த நீரைக் குழாயால் பீய்ச்சி அடித்தனர். மறியலுக்குத் துணை நின்றார் என்று அவர்மீது வழக்கும் தொடுத்தனர். செய்தி கடல் கடந்து சென்றது. இலண்டன் நாடாளுமன்றத்தில் வினா எழுப்பப்பட்டது. பின்னர் அவ்வழக்கு கைவிடப்பட்டது.

இந்நிகழ்ச்சியைச் சற்று நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று அடித்த அரசு யாருடையது? அவர் பிறந்த நாட்டினது. காவலர்க்கு ஆணையிட்டோர் அவர் இனத்தார். அக்கடைகளில் விற்ற அயல்நாட்டுத் துணி பெரும்பாலும் அவர் நாட்டு ஆலைகளில் நெய்யப்பட்டது. அவர் குடும்பமே நூல் ஆலைக் குடும்பம். "நான் இன்னார் மகன்" என்று தெரிவித்து, இங்கிலீசு உடை அணிந்து தெருவில் நடந்திருந்தால், எந்தக் காவலரும் அவரைத் தொட்டிரார். தோலின் நிறமே அவருக்குக் கவசமாக இருந்திருக்கும். அக்கவசத்தைக் கதராடையால் அவர் தாமே மூடிக்கொண்டார். தமிழ்நாட்டு மக்கள் எந்த அடியைத் தாங்கினார்களோ, அதில் ஒரு பங்கு தம் உடம்பிலும் விழும்படி வாழ்ந்தார்.

இங்கேதான் கிரேஞ்ச் மாளிகையின் பீரங்கி என் நினைவிற்கு வருகிறது. 1857இல் நெருக்கடி வந்தபோது, வெளிநாட்டார் சிலர் மதிலுக்குப் பின்னே சென்றனர். 1932இல் நெருக்கடி வந்தபோது, வெளிநாட்டார் ஒருவர் மதிலே இல்லாமல் தெருவில் நின்றார். முன்னவர்கள் மக்களிடமிருந்து தம்மைக் காத்துக்கொண்டனர். பின்னவர் மக்களோடு நின்று அடி வாங்கினார். முன்னதில் ஆறு மாத உணவு இருந்தது; பின்னதில் வெறுங்கையே இருந்தது. அடித்தவரைத் திருப்பி அடிக்காமலும், அடிக்கு அஞ்சி இடம் பெயராமலும் நிற்பதற்கு எத்தகைய உள்ள உரம் வேண்டும் என்பதை, அகிம்சையைத் தலையாய அறமாகக் கொண்ட சமூகத்தாருக்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

எவரிடத்து விசுவாசம்?

முதல் உலகப்போருக்குப் பின்னர், இந்தியாவில் பணியாற்ற வரும் பிற நாட்டு மிஷன் சங்கத்தார், சட்டப்படி அமைந்த அரசுக்கு உரிய பணிவும் மதிப்பும் காட்டுவோம் என்று உறுதிமொழி தர வேண்டியிருந்தது. அரசு எதிர்பார்த்த விசுவாசம் அது. மக்கள் எதிர்பார்த்ததோ வேறு. அமைதிக் காலத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். நெருக்கடியில் இரண்டும் பிரிந்துவிடும்.

அவ்வாறு பிரிந்தபோது நாட்டை விட்டே அனுப்பப்பட்டவர் மற்றொரு வெளிநாட்டார். அமெரிக்காவிலிருந்து 1925இல் வந்து மதுரைப் பகுதியிற் பணியாற்றிய ரால்ஃப் ரிச்சர்டு கெய்த்தான். உப்புச் சத்தியாக்கிரகத்திற்கு முன், வைசிராய்க்குக் காந்தியடிகள் எழுதிய மடலை நேரிற் கொண்டு சென்றவர் ரெஜினால்டு ரெனால்ட்சு என்னும் ஆங்கிலேய இளைஞர். அவருக்குத் தம் வீட்டில் விருந்தோம்பியதற்காகக் கெய்த்தான் 1930இல் இந்தியாவை விட்டு வெளியேற நேர்ந்தது. விருந்தினருக்குச் சோறிட்டது குற்றமாயிற்று! 1935இல் திரும்பி வந்தார். 1944இல் மீண்டும் வெளியேற்றப்பட்டார். நாடு விடுதலை பெற்ற ஆண்டில் மீண்டும் வந்தார். பின்னர்க் காந்திகிராமத்தோடும் சிற்றூர்ப் பணியோடும் இணைந்து, 1984இல் இம்மண்ணிலேயே கண்மூடினார். இருமுறை துரத்தப்பட்டும் மூன்றாம் முறை வந்தவரை விருந்தினர் என்று எவ்வாறு அழைப்பது?

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நம் பழமொழி. இப்பழமொழியை அரசு எடுத்துக்கொண்டால், ஊதியம் தந்தவருக்கு உழைக்க வேண்டும் என்று பொருள் கொள்ளும். ஃபாரஸ்டர் பேட்டனும் கெய்த்தானும் கொண்ட பொருள் வேறு. தாம் உண்ட சோற்றை விளைவித்தவர் எவர், தமக்குத் தண்ணீர் தந்தவர் எவர், தம்மை அண்ணன் என்று அழைத்தவர் எவர் என்று எண்ணிப் பார்த்தனர். உப்பிட்டவர் மக்களே என்று தெளிந்தனர்.

ஒரு கருத்தையும் இங்கே கூற வேண்டும். இவர்கள் தம் பிறந்த நாட்டை வெறுத்தவர் அல்லர். தம் நாடு தவறிழைப்பதைக் கண்டு வருந்தி, அத்தவற்றிற்குத் தாம் உடந்தையாகாமல் விலகி நின்றனர். புகுந்த வீட்டில் உண்மையாய் வாழும் மகள், பிறந்த வீட்டைப் பகைப்பதில்லை. பிறந்த வீட்டார் புகுந்த வீட்டாருக்குக் கொடுமை செய்யும்போது, கண்டும் காணாதது போல் இருப்பதுமில்லை.

நம்மை நோக்கிய வினா

ஒரு வரலாற்றுச் செய்தியை அறிந்து மகிழ்வதோடு நிற்பதானால் இக்கட்டுரை தேவையில்லை. இவ்வினா நம்மையும் இரண்டு வகையில் தொடுகிறது.

முதலாவது: தமிழ்ச் சமணராகிய நம்மைப் பார்த்து, "நீங்கள் இராசத்தானத்திலிருந்து வந்தவர்களா? குசராத்தா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நம்மில் பலரும் இதனை ஒருமுறையேனும் எதிர்கொண்டிருப்போம். தாய்மொழி தமிழ், தொழில் பெரும்பாலும் உழவு, ஊர் வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பக்கம், இருந்தும் இக்கேள்வி! கேட்பவர் அறியாமற் கேட்கிறார். ஆயினும், நம் மனம் சற்று நோகும். பிறந்த மண்ணிலேயே வந்தவராகக் கருதப்படும் வருத்தத்தை அறிந்த நாம், உண்மையிலேயே வெளியிலிருந்து வந்து இம்மண்ணைத் தம்முடையதாகக் கொண்டவர்களை எளிதில் அயலார் என்று ஒதுக்கிவிடலாகாது. ஒருவர் எங்கிருந்து வந்தார் என்பதை அறிவது எளிது. எவர் பக்கம் நின்றார் என்பதை அறியச் சற்றுப் பொறுமை வேண்டும்.

இரண்டாவது: இன்று நம் பிள்ளைகள் பெங்களூரிலும் புனேவிலும் மட்டுமின்றி, அமெரிக்காவிலும் ஆசுத்திரேலியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்கின்றனர். அங்கே வீடு வாங்குகின்றனர். பேரப்பிள்ளைகள் அம்மண்ணிற் பிறக்கின்றனர். பண்டிகை நாளில் காணொளியில் நம் முகம் பார்த்து வணங்குகின்றனர். அவர்களிடம் நாம் என்ன சொல்லி அனுப்புகிறோம்? "மரக்கறி உணவை விடாதே, தமிழை மறவாதே, ஊரை மறவாதே" என்கிறோம். நன்று. அதனோடு ஒன்றையும் சேர்த்துச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. "நீ வாழும் ஊரில் ஒரு துன்பம் வந்தால், கதவைத் தாழிட்டு உள்ளே இருந்துவிடாதே. அண்டை வீட்டாரை எண்ணிப் பார். உன் தகுதிச் சான்றும் சம்பளமும் உனக்கு ஒரு மதிலாக இருக்கலாம். அந்த மதிலுக்கு வெளியே நிற்பவர் யார் என்றும் பார்." பெருந்தொற்றுக் காலத்தில் நம் பிள்ளைகள் சிலர் தாம் வாழும் ஊர்களில் உணவு சமைத்து அக்கம்பக்கத்து முதியோருக்குக் கொண்டு கொடுத்தனர் என்று கேள்வியுற்றபோது, அவர்கள் பிறந்த ஊரின் பெயரைக் காத்தனர் என்றே மகிழ்ந்தேன். புகுந்த மண்ணில் காட்டும் அன்பினால் பிறந்த மண்ணுக்குக் குறைவு வருவதில்லை.

ஏற்காட்டு மலையில் அன்று என்னிடம் கேள்வி கேட்ட மாணவன் இப்போது எங்கே இருக்கிறானோ, அறியேன். அவனும் கடல் கடந்து சென்றிருக்கக்கூடும். "அவர் ஏன் திரும்பிப் போகவில்லை?" என்ற அவன் வினாவிற்குக் குளிரைக் காரணமாகச் சொன்னது என் பிழை. இன்று கேட்டால், அவனை அத்தேவாலய வளாகத்திலிருந்து கிரேஞ்ச் மாளிகைப் பக்கம் அழைத்துச் சென்று, பீரங்கிக் கதையைச் சொல்வேன். பிறகு மலையிறங்கித் திருப்பத்தூருக்கு அழைத்துச் சென்று, ஆசிரமத்து ஜெபாலயத்தின் கோபுரத்தைக் காட்டுவேன். "ஒரு வெள்ளைக்காரரை இவ்வூரார் சின்னண்ணன் என்று அழைத்தார்கள், தம்பி. அண்ணன் எங்கே திரும்பிப் போவார்?" என்று கேட்பேன்.